விளக்கெண்ணெய்

அமராவதிக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல். புருஷன் துரைராசு அதைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, அடுப்படியிலிருந்து வாசல்வரை தரதரவென்று இழுத்துவருவான். ஷாம்பு போட்ட அன்று ஒரே பிடியில் மொத்தமும் அகப்பட்டது. சீயக்காய் தேய்த்த அன்று தோலோடு ஒரு கொத்து பெயர்ந்து வந்தது. உடம்புச் சூடு தணிய விளக்கெண்ணெய் வைத்திருந்த ஒரு சாயங்காலம், அவன் பிடி வழுக்கி, இழுத்த வேகத்தில் மல்லாந்து விழுந்து நிலைப்படியில் மண்டையை உடைத்துக்கொண்டான். அதிலிருந்து தினமும் அவன் வருவதற்கு முன்னால் சொட்டச் சொட்டத் தேய்த்துக்கொண்டாள். அறைந்தான், மிதித்தான், இழுக்க மட்டும் முடியவில்லை. முடியோ முழங்காலைத் தொட்டது.

கீழ்வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த ரோகிணி, மொட்டைமாடியில் அமராவதி துணி உலர்த்தும்போது அந்த முடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னக்கா போடுறீங்க?”

“வெளக்கெண்ணெதான். வாரத்துக்கு ஒருதடவ வச்சாப் போதும், நல்லா வளரும்.”

ரோகிணி தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தாள். காதுக்கு மேலே முடியே இல்லாத ஓரிடத்தில் ரத்தம் இன்னும் காயவில்லை.

“வளர வேணாங்கா. கையில நிக்காம வழுக்குமா?”

அமராவதி பக்கெட்டைக் கீழே வைத்தாள்.

“ஒன் வீட்டுக்காரரு எத்தன மணிக்கு வருவாரு?”