சேறு படாத கொக்கு

குளம் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"எல்லாருமா சேர்ந்து நடுவுல குழி தோண்டுவோம். ஊறுற தண்ணியை முறை வச்சுக் குடிப்போம்" என்றது எருமை.

கொக்கு சிரித்தது. "இப்படி எல்லாரையும் தாங்கினா அப்புறம் எவன் தண்ணி தேடிப் போவான்? விட்டுடுங்க. தாகம் எடுத்தவன் தானா வழி கண்டுபிடிப்பான்."

"எனக்கு றெக்கை இல்லையே அண்ணே" என்றது ஆமை. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கொக்கு பறந்துவிட்டது.

ஏழு குளம் பார்த்தது. எங்கேயும் சொட்டுத் தண்ணீர் இல்லை. பத்தாம் நாள் நாக்கு வறண்டு திரும்பி வந்தால், குழியில் தண்ணீர் ஊறியிருந்தது.

"வாங்க அண்ணே, உங்க முறைத் தண்ணியையும் தினம் விட்டுத்தான் வச்சோம்" என்று ஆமை ஒதுங்கி இடம் கொடுத்தது.

கொக்கு குனிந்தது. தண்ணீரில் எல்லாரும் தெரிந்தார்கள். அத்தனை பேர் மேலும் சேறு. தன் வெள்ளையில் மட்டும் ஒரு பொட்டுகூட இல்லை.

கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தது.