மஞ்சள் சீட்டு

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

பார்சல் பிரிக்கும் கிடங்கில் சூப்பர்வைசருக்கு ஒரு வாரமாக இதே வேட்டைதான். அவர் மேஜையிலிருக்கும் மஞ்சள் ஒட்டுச்சீட்டுக் கட்டு மாசக்கணக்காக இளைத்துக்கொண்டே வந்தது. இன்று பார்த்தால், பெல்ட்டில் பெட்டி ஏற்றுகிற வாத்தியார் ஒரு பெட்டியின் பார்கோடு மேல் அதே மஞ்சள் சீட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. பெட்டிமேல் இருப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் படிப்பதால் வந்த பெயர்.

பார்கோடு தெரிந்தால் மெஷின் படித்துக்கொள்ளும். இரும்புக் கை நீண்டு, பெட்டியை அந்தந்த ஊருக்கான சரிவுக்குள் தள்ளிவிடும். தெரியாவிட்டால் பெட்டி பெல்ட்டின் கடைசிவரை போகும். அங்கே நிற்கும் அக்கா விலாசம் பார்த்து, கையால் தூக்கிக்கொண்டு போய் வைக்க வேண்டும்.

"கண்ணாடின்னு எழுதியிருக்கு சார். கை தள்ளுற தள்ளுக்கு..."

"மெஷின் வந்தப்பவே இதைச் சொன்னீங்க, நானும் அப்பவே பதில் சொல்லிட்டேன். மெஷினுக்கே பாடம் எடுக்காதீங்க வாத்தியாரே."

காலையில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து போன். வருஷம் முழுக்க ஒரு பெட்டிகூட உடையாதது இவர் கிளையில் மட்டும்தானாம். பரிசு அனுப்பியாச்சாம். அப்பேர்ப்பட்ட மெஷினுக்குப் போய்க் கண்ணைக் கட்டுவதா? வேலையைவிட்டு நிறுத்தும் கடிதம் சட்டைப்பையில் தயாராக இருந்தது.

கடைசியில் நிற்கும் அக்கா ஓடிவந்தார். "தூக்குறது நான் சார். எனக்கே வலிக்கலை, உங்களுக்கு எங்க வலிக்குது?"

கூட்டுக் களவாணிகள்! சூப்பர்வைசர் பெட்டியிலிருந்த சீட்டைச் சர்ரென்று பிய்த்தார். "இப்பப் பாருங்க."

பெட்டி நகர்ந்தது. மெஷின் படித்தது. இரும்புக் கை விட்ட அறையில் பெட்டி பறந்துபோய்ச் சரிவில் மோதியது. உள்ளே கலகலவென்று சத்தம்.

மூவரும் ஓடினார்கள். சூப்பர்வைசர் குறுக்கிட்டதில் படிக்காமல் விட்ட விலாசத்தை வாத்தியார் பழக்கதோஷத்தில் படித்தார். "பெறுநர், சூப்பர்வைசர்... சார், உங்களுக்குத்தான்."

திறந்தால், கண்ணாடிக் கேடயம் சுக்குநூறு. பெரிய சில்லு ஒன்றில் மட்டும் எழுத்து மிச்சமிருந்தது: 'ஒன்றுகூட உடைக்காத கிளைக்கு'.

"நம்ம கிளையில மொத உடைசல் சார்" என்றார் அக்கா, குரல் தாழ்த்தி.

சூப்பர்வைசர் சட்டைப்பையிலிருந்த கடிதத்தை நாலாகக் கிழித்து, கண்ணாடிச் சில்லுகளோடு போட்டார்.

"வாத்தியாரே, இனிமே என் மேஜையில கை வைக்காதீங்க" என்றார். "மஞ்சள் சீட்டு வேணும்னா ஸ்டோர்ல கேளுங்க. பெரிய கட்டாவே தரச் சொல்றேன்."