பாஞ்சாலி உடைக்காத வளையல்

ராஜேந்திரன் இன்ஜின் ரூம் ஃபயர்மேனாக வேலை பார்த்த கப்பல், போர் நடக்கும் கடலில் ஏவுகணை பட்டு மூழ்கிவிட்டது. நீலசந்திரா பகுதியில் இருந்த அவன் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள், சந்தையில் விலை சொல்வதுபோல் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"வளையலை உடைம்மா பாஞ்சாலி. இன்ஜின் ரூம் ஆளு எங்க தப்பிப்பான்?" என்றாள் பெரியம்மா.

"மாட்டேன்!" பாஞ்சாலி கைகளை மார்போடு இறுக்கிக்கொண்டு கதறினாள்.

எதிர்வீட்டு வனஜாதான் குறுக்கே வந்தாள். "உடம்பே கிடைக்கல, அதுக்குள்ள என்னா பேஜாரு? எல்லாரும் கெளம்புங்க."

கூட்டம் கலைந்ததும் கஞ்சியை ஆற்றி நீட்டினாள். "குடிக்கா. எங்க வீட்டுக்காரரும் துபாய் ஓட்டலுக்குப் போனதுலேர்ந்து போனே பண்ணல. நான் அழுதுட்டா இருக்கேன்?"

பாஞ்சாலி அவள் காலைக் கட்டிக்கொண்டு இன்னும் அழுதாள்.

வனஜா போனதும் கதவைத் தாழிட்டாள். பரணிலிருந்து ராஜேந்திரன் மெல்ல இறங்கினான்.

"சொல்லிட்டியா?"

"எந்த வாயால சொல்றது? சண்டைக்குப் பயந்து, உன் பேர்ல, உன் பேப்பர்ல, அவளுக்கே தெரியாம அவ புருஷனைக் கப்பலேத்திட்டு வந்து ஒளிஞ்சிருக்கியே!"

"வெளிய தெரிஞ்சா ஜெயிலுடி."

எதிர்வீட்டில் வனஜா பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள். அவள் வளையல் சத்தம் இங்கே தெளிவாகக் கேட்டது.