காசின் பெயர்

காலையில் விஜயசங்கர் கத்தரிக்குத் தண்ணீர் விட்டான், பால் கறந்து விற்றான். பிறகு குளித்துவிட்டுப் பெண் பார்க்க இலஞ்சிக் கோயிலுக்குப் போனான். ஏற்கெனவே பல இடம் தட்டிப்போயிருந்தது.

"தம்பி என்ன சோலி பாக்குதீய?" என்றார் பெண்ணின் அப்பா.

"விவசாயம்."

அவர் எழுந்துவிட்டார். "விவசாயிக்குப் பொண்ணு கொடுக்கதா இல்ல."

"ஐயோ மாமா, மண்ணுல இல்ல, போன்ல! விளையாட்டு. அதை வீடியோ போட்டுத்தான் சம்பாதிக்கேன்."

"மொதல்லயே சொல்லப்படாதா!" அவர் மறுபடி உட்கார்ந்தார்.

பக்கத்தில் குனிந்திருந்த பெண் யோகலட்சுமி நிமிர்ந்தாள். "அந்த விளையாட்டுல காசுக்கு என்ன பேரு?"

"கம்பெனிக்காரன் வச்ச பேரு காயின். விளையாடுத நாங்க மாமனாருன்னு சொல்லுவோம். தீரத் தீரக் கேட்டு வாங்கிக்கிடலாம்லா!"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா, இப்ப எந்திரிங்க."