ஓசியில் கிடைத்த பக்கம்

ஜெயச்சந்திரன் கையிலிருந்த மவுஸை வெங்கடலட்சுமி பிடுங்கினாள். நான்காவது தடவையாக மகளின் வெப்சைட்டைத் திறந்து பார்த்தாள். இல்லை. ஆறு மாதத்துக்கு முன் ஏற்றிய முப்பது படங்களும் போய்விட்டன.

“குவைத்துல இருக்கற மனுசன் பெத்த பொண்ணு மூஞ்சியப் பாக்கறதே இதுலதான். எங்க போச்சுண்ணா அது?”

சித்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரே நெட் சென்டர் நடத்தும் ஜெயச்சந்திரன் குரலைத் தாழ்த்தினார். “கம்பெனிக்காரன் அழிச்சிட்டாம்மா.”

“ஓசியில எடம் குடுக்கறான்னு நீதானே அவன்கிட்ட போட்ட? கூலி வேலைக்காரிக்கு ஓசியே போதும்னு நெனச்சிட்ட.”

“வருசத்துக்கு ஆயிரம் ரூபா ஆவும்னேன். நீதாம்மா வாணாம்னு சொன்ன.”

“சொன்னா இன்னா? ஓசின்னா சொல்லாம கொள்ளாம தூக்கிப் போட்ருவானா? இன்னா காரணம்னு தெரியாம நான் புத்தலப்பட்டு பஸ் ஏற மாட்டேன்.”

கம்பெனி அனுப்பிய மெயிலும் திரையின் ஓரத்தில் திறந்திருந்தது. அவர் மவுஸைத் திரும்ப வாங்கி அதை மூடப் போனார். “உடும்மா. வேற எடத்துல நானே போட்டுத் தர்றேன். பைசா வாணாம்.”

“இன்னாத்துக்கு மென்னு முழுங்கிக்கினு இருக்க? படி.”

“ஓசி எடத்துக்கு ஒரு ரூலு இருக்குதும்மா. மூணு மாசமா ஒருத்தர்கூட தொறந்து பாக்கலன்னா எடுத்துடுவாங்க.”

அவள் மேசையை ஓங்கி அறைந்தாள்.

“பொய் சொல்லாத. தெனமும் இதுல பாப்பாவப் பாத்துட்டுதான் படுக்கறேன்னு போன வெள்ளிக்கிழமகூட குவைத்துலேர்ந்து போன்ல சொன்னாரு.”