பத்து செகண்ட் கதாநாயகி

“இதுல இருக்கிறது யாரு?”

மூன்றாம் மாடி டீச்சர் போனை மேஜைமேல் வைத்த வேகத்தில், பட்டன் டப்பா உருண்டு கீழே விழுந்தது.

லாண்ட்ரிக்காரி எட்டிப் பார்த்தாள். “நான்தான் டீச்சர்.”

“மேல போட்டிருக்கிறது?”

லாண்ட்ரிக்காரி இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்தாள்.

“என் சால்வை. துவைக்கக் குடுத்ததை மாட்டிக்கிட்டு போட்டோ எடுத்து, ஸ்டேட்டஸ் வேற போட்டிருக்கே. எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்கணும் உனக்கு?”

லாண்ட்ரிக்காரியின் சினிமாப் பைத்தியம் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். எந்தப் படத்தில் எந்தக் காட்சி பிடிக்கிறதோ, அதைத் தன்னந்தனியாக நடித்துத் தன்னையே படம் எடுத்துக்கொள்வாள். போனை சோப்புத்தூள் டப்பாமேல் சாய்த்து வைத்து, பத்து செகண்ட் கழித்துத் தானாக எடுக்கும்படி அமுக்கிவிட்டு, ஓடிப்போய் முகத்தைச் சரிசெய்துகொண்டு நிற்பாள். மாடிப்படியில் உட்கார்ந்து அழும் நாயகி, போர்வையைச் சுற்றிய மகாராணி என்று இதுவரை முப்பது நாற்பது ஆகியிருக்கும். இந்த முறை, ரயில் பிளாட்பாரத்தில் காத்து நிற்கும் கதாநாயகி. இஸ்திரிப் பெட்டியின் ஆவிதான் ரயில் புகை.

படம் நன்றாகத்தான் இருந்தது. அதற்காக ஊரார் துணியை எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா?

“தப்புதான் டீச்சர். அந்த சீனுக்கு சால்வை இல்லாம முடியல. பத்தே செகண்டு. அப்புறம் மறுபடியும் அலசித்தான் தேய்ச்சு வச்சிருக்கேன்.”

“பத்து செகண்டோ பத்து நாளோ, அடுத்தவங்க பொருள்மேல எப்படிக் கை வைக்கத் தோணுது? கேட்டா கலையாம். கலர் படத்துல வர்ற சீனைக் கறுப்பு வெள்ளையில எடுத்து வச்சிருக்கு, பெரிய கலை.”

“அதானே,” என்றார் கால்சட்டைக்காகக் காத்து நின்ற டிரைவர். “நம்பித்தானே துணியைக் குடுக்கிறோம்.”

அந்த நேரம் பார்த்து குடியிருப்போர் சங்கத்து செகரட்டரி அம்மா அழுக்குத்துணிப் பையோடு உள்ளே வந்தார். நூற்றிருபது வீட்டுத் துணியும் இந்தக் கடைக்கு வருவது அவர் வாக்கில்தான். அவரே வேண்டாம் என்றால் நாளைக்கே ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

“என்ன டீச்சர், சத்தம் லிஃப்ட் வரைக்கும் கேக்குது?”

டீச்சரின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. “ஒண்ணுமில்லக்கா. சும்மாதான்.”

டிரைவருக்குத்தான் பொறுக்கவில்லை. “என்ன சும்மா? டீச்சர் சால்வையைப் போட்டுக்கிட்டு இந்தம்மா போட்டோ பிடிச்சிருக்குங்க.”

“அந்த ரயில் போட்டோவா? நேத்து நானும் பார்த்து, நல்லா இருக்குன்னு ஹார்ட் வேற போட்டேனே. அது டீச்சரோடதா?”

“விடுங்கக்கா. பாவம், பொழைச்சுப் போகட்டும்.” டீச்சர் வாங்க வந்த துணியைக்கூட வாங்காமல் வாசல் பக்கம் நகர்ந்தார்.

செகரட்டரி அம்மா கையை நீட்டி மறித்தார்.

“எப்படி விடுறது? இன்னைக்கு உங்க சால்வை, நாளைக்கு எம் பொண்ணு கவுன். உங்களுக்கு இளகின மனசு டீச்சர். போன வருஷம் எங்கிட்ட இரவல் வாங்கின சால்வை ரயில்ல தொலைஞ்சு போச்சுன்னு எப்படி அழுதீங்க? நான்தான் உங்களைத் தேத்த வேண்டியிருந்தது. அடுத்தவங்க பொருள்னா அந்தப் பயம் இருக்கணும். இவளுக்கு இருக்கா?”

டீச்சர் தரையில் கிடந்த பட்டன்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எந்த சால்வை, எடு பார்ப்போம்.”

லாண்ட்ரிக்காரி அலமாரியிலிருந்து காகிதம் சுற்றிய பொட்டலத்தை எடுத்தாள். எடுத்தவள் கொடுக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“எம்மேலதான் தப்பும்மா. இனிமே போட்டோவே எடுக்கல. இதை மட்டும் இப்பப் பிரிக்க வேணாம்.”

“ஏன், கிழிச்சு வச்சிருக்கியா?”

“கிழியலம்மா.”

“அப்பக் குடு. இல்ல, நாளையிலேருந்து எங்க குடியிருப்புத் துணி ஒண்ணுகூட இங்க வராது.”

“டீச்சர் வீட்டுல கொண்டுவந்து குடுத்துடறேம்மா. இங்க வேணாம்.”

திமிரைப் பாருங்கள் என்பதுபோல் டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். செகரட்டரி அம்மா எட்டிப் பொட்டலத்தைப் பிடுங்கினார். காகிதம் கிழிந்தது.

மயில்கழுத்து நிறத்தில் சால்வை மேஜைமேல் விரிந்தது.

செகரட்டரி அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு நாலு மூலையையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கடையில் புதிதாக வரும் துணி எதுவானாலும், மூலையில் அழியாத மையால் வீட்டு நம்பர் எழுதிவிடுவார்கள். எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. மூன்றாவது மூலையில் இருந்தது, 504.

டீச்சர் வீடு 302. ஐந்நூற்று நாலு செகரட்டரி அம்மாவுடையது.

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் நிமிரவே இல்லை. டிரைவர் தன் கால்சட்டையை மறந்து மெல்ல வெளியே போனார்.

“ரயில்ல தொலைஞ்சது,” என்று மட்டும் சொன்னார் செகரட்டரி அம்மா. பிறகு லாண்ட்ரிக்காரி பக்கம் திரும்பினார். “உனக்கு இது தெரியுமா?”

“மூட்டையைப் பிரிச்ச அன்னைக்கே தெரியும்மா. நம்பர் எழுதினதே நான்தானே.”

“தெரிஞ்சுமா இவங்க வாயால இவ்வளவு பேச்சு வாங்கிக்கிட்டு நின்னே?”

லாண்ட்ரிக்காரி குனிந்து, சிதறிய பட்டன்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

“ஸ்டேட்டஸை நீங்களும் பார்ப்பீங்கல்லம்மா. நெறம் தெரிஞ்சா டீச்சர் மானம் போயிடுமேன்னுதான், கறுப்பு வெள்ளையில எடுத்தேன்.”