பேனா மூடி

வங்கி மேலாளராக இருந்த காலத்தில், யார் பேனா கேட்டாலும் மூடியைத் தன் கையில் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும்தான் கொடுப்பார் தணிகாசலம். மூடியில்லாத பேனாவை யாரும் மறதியாகச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போக மாட்டார்கள். கட்சியில் சேர்ந்து, தேர்தலில் ஜெயித்து, மந்திரியாகப் பதவியேற்கும் நாளன்று காலையில், தலைவர் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார்.

"எல்லாரும் போட்டுக் குடுத்துட்டாங்க, மேனேஜர். நீங்களும் ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

"தேதி இல்லையே, ஐயா?"

"அதை நான் போட்டுக்கறேன். மை ஒண்ணா இருக்கணும், உங்க பேனாவும் இங்கயே இருக்கட்டும்."

தேதியில்லாத காசோலைகளை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியவர், தன் பேனாவின் மூடியைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டார். கடிதத்தையும் பேனாவையும் தலைவர் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பதவியேற்பு விழாவுக்குக் கார் கிளம்பிய பிறகுதான், மூடி தன் கைக்குள்ளேயே இருப்பதைத் தணிகாசலம் கவனித்தார். அன்றிலிருந்து அது அவர் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை. சட்டசபையில் பேச எழுந்தால் கை தானாகப் போய் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாம் வருடம் ஒரு மாலையில் தலைவர் போன் செய்தார். மழையைப் பற்றியும் பேரன் படிப்பைப் பற்றியும் சாவகாசமாகப் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டார்:

"அந்தப் பேனாவோட மூடி உங்ககிட்டதானே இருக்கு, மேனேஜர்?"